தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் ஆதிமனித எலும்பு ஏன் கிடைப்பதில்லை?

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டுமனை போடுவதற்காக ஜேசிபி வைத்து ஒரு மேட்டைச் சமன் செய்திருக்கிறார்கள். நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே மூடுகல் போட்ட ஒரு குழி வெளிப்பட்டது. உள்ளே கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள், துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டு, கொஞ்சம் எலும்புத் துண்டுகள். லட்சம் வருஷத்துக்கு முந்தைய ஆதிமனிதன் என்று ஊரில் பேச்சு. அது உண்மையா? இல்லையென்றால், ஆப்பிரிக்காவில் அத்தனை எலும்புகள் கிடைக்கும்போது நம் இரண்டு மாவட்டத்திலும் ஏன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை? இனிமேலாவது கிடைக்குமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உண்மை இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது இரும்புக் காலத்துக் கற்பதுக்கை. இறந்தவர்களின் எலும்பை வைத்து, கூடவே பானைகளும் ஆயுதமும் வைத்து மூடிய ஈமக்குழி. பெரும்பாலும் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ஆண்டுக்குள்தான் வயது இருக்கும். இந்த வகையே நிலத்துக்கு மேலே கட்டப்பட்டிருந்தால் கல்திட்டை. மல்லச்சந்திரத்தில் பாறை மேல் கூட்டமாக நிற்பவை அவைதான். மக்கள் இவற்றைப் பாண்டவர் வீடு என்பார்கள், சில ஊர்களில் குள்ளர் வீடு என்பார்கள். உள்ளே இரும்பு இருக்கிறது என்ற ஒன்றே போதும், லட்சம் ஆண்டு என்ற பேச்சை ஒதுக்குவதற்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அதுவே சுமார் 4,200 ஆண்டுதான்.

ஆயிரமும் லட்சமும் கோடியும் காகிதத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். தூரமாக மாற்றினால் வித்தியாசம் புரியும். தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து சேலம் போகும் வழியில், ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கற்பதுக்கை இருபத்தைந்து, முப்பது மீட்டரில் வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. மயிலாடும்பாறை இரும்பு 42 மீட்டர். மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த, நம் இனத்தின் ஆகப் பழைய எலும்புகளுக்கு மூன்று லட்சம் ஆண்டு. அதியமான்கோட்டைக்கு முன்பாகவே முடிந்துவிடும். எத்தியோப்பியாவில் எலும்புக்கூடாகக் கிடைத்த, லூசி என்று பெயரிட்ட மூதாதைப் பெண் 32-ஆவது கிலோமீட்டரில், தொப்பூர் கணவாய் தாண்டி. சாட் நாட்டுப் பாலைவனத்தில் 2001-இல் கிடைத்த, தூமாய் என்று பெயரிட்ட மிகப் பழைய மூதாதை மண்டையோட்டுக்கு 70 லட்சம் ஆண்டு. அதற்குச் சேலம் வரை போகவேண்டும். சரி, நீங்கள் கால் வைத்து நிற்கும் பாறை? தருமபுரி, கிருஷ்ணகிரி நைஸ் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. இதே கணக்கில் 25,000 கிலோமீட்டர். பூமியை அரைச் சுற்றுக்கு மேல் சுற்றவேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பாதிப் பதில் இந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. நான் நிலவியல் படித்து, அதையே பாடம் நடத்திப் பிழைத்தவன். அதனால் எலும்பைப் பற்றிக் கேட்டாலும் பாறையில்தான் தொடங்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உயிர் செத்தால் அதன் எலும்புக்கு என்ன ஆகும் என்பது நம் பக்கத்து ஆடு மேய்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். நாயும் நரியும் கடித்து இழுத்துப் போகும். மிச்சம் வெயிலில் காய்ந்து வெடிக்கும். அடுத்த சில மழையில் உதிர்ந்து மண்ணாகிவிடும். அது புதைபடிவமாக, அதாவது ஃபாசிலாக மாறவேண்டுமானால் இந்த வழக்கமான முடிவு தடைபட வேண்டும். செத்த கொஞ்ச நாளிலேயே வண்டலோ சாம்பலோ வந்து மூடவேண்டும். மூடிய மண்ணில் ஊறும் நீரில் அமிலத்தன்மை இருக்கக்கூடாது. சுண்ணாம்புச் சத்து இருந்தால் நல்லது. ஏனென்றால் எலும்பின் கடினமான பகுதி கால்சியம் பாஸ்பேட். அமில நீர் அதைக் கரைத்துவிடும். அப்புறம் பல்லாயிரம் ஆண்டு அதைக் கிளறாமல் விடவேண்டும். அந்த இடைவெளியில் நிலத்தடி நீரில் உள்ள கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளில் படிந்து, அதைக் கல்போலக் கனமாக்கும். இத்தனையும் நடந்த பிறகு, மறுபடியும் நிலம் அரித்து அதை வெளியே காட்டவேண்டும். அது வெளியே வந்து, அடுத்த மழைக்குள் உதிர்ந்துபோவதற்கு முன்னால், பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் அந்த வழியாக நடக்கவேண்டும். ஒன்று தவறினாலும் அவ்வளவுதான். உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் எனாமல் என்பதால் இந்தச் சோதனைகளை எல்லாம் தாண்டி வருவது பெரும்பாலும் பல்லும் தாடையும்தான். மனித மூதாதையரில் பல இனங்களை நாம் முதலில் அறிந்தது பற்களை வைத்துத்தான்.

இப்போது நம் ஊரை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நம் பாறைகள் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, நசுங்கி உருவானவை. நைஸ், சார்னோக்கைட், கிரானைட், குறுக்கே ஓடும் கறுப்பு டோலரைட் சுவர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து கிரானைட் லாரி லாரியாகத் துறைமுகத்துக்குப் போகிறதே, அந்தக் கல்லை எத்தனை அடி வெட்டினாலும் எலும்பு வராது. அது உருவான காலத்தில் எலும்பு என்ற ஒன்றே உலகில் இல்லை. குவாரியில் கல்லுக்குள் ஏதோ உருவம் தெரிகிறது என்று யாராவது படம் அனுப்பினால், அது கனிமத்தின் வரி என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் கடல் உயிரின ஃபாசில்களைப் பார்த்துவிட்டு, அங்கே இருக்கும்போது இங்கே ஏன் இல்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். அரியலூர்ப் பாறை கடலடியில் படிந்த வண்டல். ஃபாசிலுக்கு அருமையான இடம். ஆனால் அதுவும் டைனோசர் காலத்துப் பாறை. மனிதனைத் தேடுவதற்கு அதுவும் மிகப் பழசு.

சாமல்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. உங்கள் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை உண்டு. சுண்ணாம்புக் கனிமம் நிறைந்த எரிமலைக் குழம்பு இறுகியது அது. ஒகேனக்கல்லிலும் உண்டு. தான்சானியாவில் லேட்டோலி என்ற இடத்தில், எரிமலைச் சாம்பல் விழுந்து, அதன் மேல் மழைத் தூறல் பட்டு ஈரமாக இருந்தபோது, நம் மூதாதையர் சிலர் அதன் மேல் நடந்து போயிருக்கிறார்கள். சாம்பலில் கார்பனடைட் வகைச் சேர்க்கை இருந்ததால் அது சிமென்ட் போல இறுகிக்கொண்டது என்பது அங்கே ஆய்வு செய்தவர்கள் தந்த விளக்கம். மேரி லீக்கியின் குழு 1978-இல் தோண்டி வெளிப்படுத்திய அந்தக் காலடித் தடங்கள் சுமார் 27 மீட்டர் நீளத்துக்குப் போகின்றன, வயது 36.6 லட்சம் ஆண்டு. பெருவிரல் பக்கவாட்டில் விலகாமல் மற்ற விரல்களோடு சேர்ந்தே இருக்கிறது, குதிகால் முதலில் ஊன்றியிருக்கிறது. நம்மைப் போலவே நடை. அந்த வகைக் குழம்பு நம்மிடமும் இருந்தது. ஆனால் சாமல்பட்டியில் அது வந்தது 70, 80 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். நடந்து போக யாரும் இல்லை.

பாறை பழசு என்றால், அதன் மேல் கிடக்கும் மண்ணாவது புதுசுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மண்ணில்தான் சிக்கலே இருக்கிறது. நம்முடையது மேட்டு நிலம். இங்கே மண் தங்குவதைவிட அரித்துப் போவதே அதிகம். பாலக்கோட்டிலோ பர்கூரிலோ கிணறு வெட்டினால் சில அடி செம்மண், அதற்குக் கீழே மக்கிய பாறை, அப்புறம் வெடிவைக்க வேண்டிய கல். தென்பெண்ணையும் சின்னாறும் பாம்பாறும் இங்கிருந்து அள்ளிய மண்ணைக் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டன. லட்சம் ஆண்டுக்கு முன் இங்கே ஒருவன் செத்து விழுந்திருந்தால், அவன் விழுந்த தரையே இன்றைக்கு இங்கே இல்லை. இருக்கும் மெல்லிய செம்மண்ணும் எலும்புக்கு நண்பன் அல்ல. மழையும் வேர்களும் சேர்ந்து கரைத்துவிடும். உங்கள் கற்பதுக்கையில் கிடைத்த துண்டுகளையே பாருங்கள். கல்லறை கட்டி, மூடிபோட்டு வைத்த எலும்பே மூவாயிரம் ஆண்டுக்குள் கையில் எடுத்தால் பொடியாகிற நிலைக்கு வந்துவிட்டது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே கண்டத்தையே பிளந்துகொண்டு ஒரு நீண்ட பள்ளத்தாக்கு உருவாகிக்கொண்டிருக்கிறது. பள்ளம் இறங்க இறங்க ஏரிகளும் ஆறுகளும் வண்டலைக் கொட்டி நிரப்பின. பக்கத்திலேயே எரிமலைகள், அவை அவ்வப்போது சாம்பலைத் தூவின. பிறகு நிலம் விரிசல்விட்டுத் தூக்கியதில் அந்த அடுக்குகள் மறுபடி மேலே வந்து, அரிப்பில் திறந்துகொண்டன. மூடுவதற்கும் திறப்பதற்கும் ஒரே இடத்தில் வசதி. அந்தச் சாம்பல் அடுக்கு இன்னொரு பெரிய உதவியும் செய்கிறது. அதிலுள்ள கனிமத்தில் பொட்டாசியம் மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும்; அளந்தால் சாம்பல் விழுந்த காலம் தெரிந்துவிடும். எலும்புக்குக் கீழே ஒரு சாம்பல், மேலே ஒரு சாம்பல் இருந்தால், எலும்பின் வயது இரண்டுக்கும் நடுவே. எல்லோருக்கும் தெரிந்த கார்பன் முறை இங்கே உதவாது. அது ஐம்பதாயிரம் ஆண்டோடு நின்றுவிடும்.

1974 நவம்பரில் டொனால்ட் ஜோஹன்சன் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் ஒரு சரிவில் முழங்கை எலும்புத் துண்டு ஒன்றைப் பார்த்தார். தொடர்ந்து தேடிச் சலித்ததில் ஒரே உடம்பின் சுமார் 40 சதவீத எலும்புகள் கிடைத்தன. லூசி அப்படி வந்தவள். ஒரே ஆளின் எலும்பு என்று எப்படித் தெரியும்? எந்த எலும்பும் இரண்டு முறை வரவில்லை, அதனால். உயரம் மூன்றரை அடிதான். மூளை சிம்பன்சி அளவு. ஆனால் இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்தவளுடையவை. மூளை பெருத்த பிறகுதான் மனிதன் நிமிர்ந்தான் என்று அதற்கு முன் பலர் நினைத்திருந்தார்கள். அந்த நினைப்புதான் இங்கிலாந்தின் பில்ட்டவுன் மோசடிக்கும் இடம் கொடுத்தது. 1912-இல் மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்துவைத்து யாரோ ஏமாற்றினார்கள். 1953 வரை அது தாங்கியது. 1925-இல் ரேமண்ட் டார்ட் தென்னாப்பிரிக்காவின் டாங் குழந்தை மண்டையோட்டை வெளியிட்டு, சிறிய மூளையோடு நிமிர்ந்து நடந்த உயிர் என்று சொன்னபோது பலரும் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

தென்னாப்பிரிக்காவில் எரிமலைச் சாம்பல் இல்லை. அங்கே சுண்ணாம்புக் குகைகள் இருந்தன. குகைக்குள் விழுந்த எலும்பைச் சுண்ணாம்பு நீர் கான்கிரீட் போல இறுக்கிவிட்டது. விழுந்தது எப்படி என்பதுதான் சுவாரசியம். ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஒரு மண்டையோட்டில் இரண்டு துளைகள். சிறுத்தையின் கோரைப்பல் இடைவெளி அதில் சரியாகப் பொருந்துகிறது. சிறுத்தை இரையை மரத்தில் ஏற்றித் தின்னும், குகை வாயில் வளர்ந்த மரத்திலிருந்து மிச்சம் உள்ளே விழும் என்று சி.கே. பிரெய்ன் விளக்கினார். ஆதிமனிதன் வேட்டைக்காரன் என்று படம் போடுகிறோம். ரொம்ப காலத்துக்கு அவன் இரையாகவும் இருந்திருக்கிறான். மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: கென்யாவில் கமோயா கிமேயு 1984-இல் கண்டெடுத்த, சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழைய துர்க்கானா சிறுவன், ஏறக்குறைய முழு எலும்புக்கூடு, ஜார்ஜியாவின் த்மானிசியில் 18 லட்சம் ஆண்டை ஒட்டிய ஐந்து மண்டையோடுகள், ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஆகப் பழையவற்றில் சேர்ந்தவை, ஜாவாவில் யூஜின் டுபுவா 1891-இல் எடுத்த மண்டையோட்டு மூடி.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. வடக்கே சிவாலிக் குன்றுகள் இமயத்திலிருந்து வந்த வண்டலால் ஆனவை, ஃபாசில் நிறைந்தவை. 1932-இல் எட்வர்ட் லூயிஸ் என்ற அமெரிக்க மாணவர் அங்கே ஒரு மேல்தாடைத் துண்டை எடுத்து, ராமாபிதிகஸ் என்று பெயர் வைத்தார். சுக்ரீவனுக்கும் பிரம்மாவுக்கும்கூடப் பெயரில் இடம் கொடுத்தார். 1960-களில் எல்வின் சைமன்ஸ் இதைத் தூக்கிப்பிடித்தார், சுமார் 1.4 கோடி ஆண்டுக்கு முன்பே மனிதக் கிளை பிரிந்துவிட்டது, அதன் முதல் ஆள் இவன்தான் என்றார்கள். மனிதன் பிறந்தது இந்தியாவில் என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு வசதி! ஆனால் கையில் இருந்தது தாடையின் பக்கத் துண்டுகள் மட்டுமே. நடுப்பகுதி இல்லை. இல்லாத நடுப்பகுதியை மனிதத் தாடை போல வளைத்து வரைந்தார்கள். வரைந்த பிறகு, பாருங்கள் மனிதத் தாடை என்றார்கள்.

1967-இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்று கணக்குச் சொன்னார்கள். எலும்புக்காரர்கள் சிரித்தார்கள். பின்னர் பாகிஸ்தானின் பொத்வார் பீடபூமியில் ராமாபிதிகஸின் நெருங்கிய உறவான சிவாபிதிகஸின் முகப்பகுதி நன்றாகவே கிடைத்தது. 1982-இல் டேவிட் பில்பீம் அதை வெளியிட்டார். கண்குழியும் முகவாகும் அச்சு அசல் ஒராங்குட்டான். ராமாபிதிகஸ் தனி இனமே இல்லை, சிவாபிதிகஸில் அடக்கம் என்று ஆகிவிட்டது. முன்பு ராமாபிதிகஸுக்காக வாதாடியவர்களில் பில்பீமும் ஒருவர். ஆதாரம் மாறியதும் மாறிக்கொண்டார், அதை நான் மதிக்கிறேன். நம் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் மட்டும் இன்னும் மாறவில்லை. டிரையோபிதிகஸ், ராமாபிதிகஸ், ஆஸ்ட்ரலோபிதிகஸ் என்று ரயில் நிலையம் போல வரிசையாக மனப்பாடம் செய்பவர்கள் நடுப்பெயரை அடித்துவிடலாம்.

இந்தியாவின் உண்மையான பழைய மனித எலும்பு நர்மதைக் கரையில் இருக்கிறது. 1982 டிசம்பரில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அருண் சொனாக்கியா, மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோரா கிராமத்தருகே, இறுகிய சரளைக்கல் படிவிலிருந்து ஒரு மண்டையோட்டு மூடியின் வலது பாதியை எடுத்தார். முதலில் ஹோமோ எரெக்டஸ், அதாவது நமக்கு முந்தைய ஒரு மனித இனம் என்றார். பிறகு பார்த்தவர்கள் பலர் அதைவிட முன்னேறிய பழைய மனித வகை என்கிறார்கள். வயது இரண்டு, மூன்று லட்சம் ஆண்டு இருக்கலாம் என்று பலர் கருதினாலும் வாதம் ஓயவில்லை. நர்மதையும் நிலம் தாழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு, கரையில் கனத்த வண்டல், சுண்ணாம்பு ஒட்டிய சரளை. எங்கே எலும்பு தங்கும் என்று மேலே சொன்னேனோ அதே சூழல். அதிர்ஷ்டத்தால் கிடைத்தது என்றாலும், கிடைத்த இடத்தில் ஆச்சரியமில்லை.

தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தின் பொம்மையார்பாளையம் அருகே செம்பாறைக்குள் இறுகிய ஒரு குழந்தை மண்டையோட்டை 2001-இல் பி. ராஜேந்திரன் கண்டெடுத்து, அதற்கு 1,66,000 ஆண்டு என்று வாதிட்டார். அந்த வயது பரவலாக ஏற்கப்படவில்லை. அதை விட்டுவிட்டால் நம்மிடம் இருப்பது எலும்பல்ல, கல். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம். பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் பல்லாவரத்தில் முதல் கைக்கோடரியைக் கண்டெடுத்த சில மாதங்களில் இங்கேயும் வந்தார். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு பல ஆண்டு தோண்டி, 2011-இல் இங்குள்ள கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று நிறுவினார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் அலுமினியம், பெரிலியம் தனிமங்கள், கல் புதைந்த பிறகு எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று அளந்து கண்ட வயது அது. 2018-இல் அதே இடத்தின் மேலடுக்கில் 3,85,000 ஆண்டுப் பழமையான இன்னொரு கருவி நுட்பத்தையும் காட்டினார்கள். அத்தனை ஆயிரம் கருவிகள் கிடைத்த இடத்தில் மாடு, குதிரை, நீலான் வகை விலங்குகளின் மூன்று பற்கள் கிடைத்தன. விலங்குக் குளம்படிகள் கிடைத்தன. செய்தவனின் ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை. எலும்பில்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஃபுட் பிற்காலத்தில் ஏற்காட்டில் வீடு கொண்டிருந்தார். சேர்வராயன் மலையில் புதிய கற்கால வழவழப்பான கோடரிகளை நிறையச் சேகரித்தார். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் நம் இரண்டு மாவட்டமும் இருந்தன. அந்தக் கோடரிகளை இன்றைக்கும் நம் மலைக் கிராமங்களில் சாமியாக வைத்துக் கும்பிடுவதைப் பார்க்கலாம். மயிலாடும்பாறையில் அதற்கும் முந்தைய நுண்கற்கருவிகளும் உண்டு. வெள்ளைக் குவார்ட்ஸில் செதுக்கிய, விரல்நகம் அளவுத் துண்டுகள். உங்கள் ஊர் மேட்டில் இப்படிப்பட்டவை கிடைத்தால் அதற்குத்தான் நான் முதலில் குனிவேன், எலும்புக்கு அல்ல.

இனிமேல் கிடைக்குமா என்றால், லட்சக்கணக்கான ஆண்டுப் பழைய எலும்பு கிடைக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். சில பத்தாயிரம் ஆண்டு என்றால் கதவை மூடவும் மாட்டேன். காரணம் இலங்கை. களுத்துறை மாவட்டத்து பாஹியன்லேனா, ரத்தினபுரி மாவட்டத்து படதொம்பலேனா போன்ற குகைகளில் 40,000 ஆண்டுகளை ஒட்டியும் அதற்குப் பின்னும் வாழ்ந்த மனிதர்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவை சுண்ணாம்புக் குகைகள் அல்ல, நம்முடையதைப் போன்ற நைஸ் பாறைப் பொடவுகள், அதாவது பாறை கூரைபோல நீட்டிய ஒதுக்கிடங்கள். மழை நேராக விழாத தரை, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாம்பல், தின்று போட்ட நத்தை ஓடுகள். அந்த ஓடுகளின் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தை அடக்கியிருக்கும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைகளிலும் பொடவுகள் ஏராளம். ஆனால் பெரும்பாலானவற்றில் தரையில் மண்ணே இல்லை, வெறும் பாறை. ஆழமாக மண் தங்கிய பொடவு ஒன்று, யாரும் புதையல் தேடிக் கிளறாமல் இருந்தால், அங்கே முறையாக ஒரு குழி போட்டுப் பார்க்கலாம். இன்னொரு வாய்ப்பு, ஆற்றோரப் பழைய கரைகளில் சுக்கான்கல், அதாவது மண்ணில் படிந்து இறுகிய சுண்ணாம்பு, ஒட்டிக் கிடக்கும் சரளை.

சுக்கான்கல் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஓடை அரித்த இடத்தில் வெள்ளையாக, குழாய் போல, முட்டி முட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை எலும்பு என்று பலர் கொண்டுவந்து காட்டுவார்கள். மரவேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து, வேர் மக்கிப்போன கூடு அது. உடைத்துப் பார்த்தால் எலும்பின் உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பு இருக்காது. எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்கும். காட்டோரத்தில் தொடை அளவுக்குப் பெரிய எலும்பு கிடைத்தால் அது யானை. ராட்சத மனிதன் அல்ல. வாட்ஸப்பில் வரும் முப்பது அடி எலும்புக்கூடு 2002-இல் ஓர் இணையப் போட்டிக்காக ஒட்டுவேலை செய்த படம். நம் மூதாதையரில் பலர் நம்மைவிடக் குள்ளமானவர்கள். லூசி உங்கள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருவாள்.

கடைசியாக உங்கள் குழி. வயது மூவாயிரமே என்றாலும் அதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்; மயிலாடும்பாறையின் காலத்தைச் சொன்னது அங்கே கிடைத்த கொஞ்சம் கரித்துண்டுதான். ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்கள். பானைக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டவேண்டாம். தானியமோ கரியோ அதில்தான் இருக்கும். எலும்பைக் கழுவவேண்டாம், ஃபெவிகால் போட்டு ஒட்டவேண்டாம், வெறுங்கையால் அதிகம் தொடவேண்டாம். கரி கண்ணில் பட்டால் எடுக்காமல் விடுங்கள். எடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால் பருத்தியிலோ பேப்பரிலோ சுற்றாமல் அலுமினியத் தாளில் மடியுங்கள். பலகைக்கற்கள் நின்ற நிலையிலேயே, பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலை வைத்து, நாலு திசையிலிருந்தும் படம் எடுங்கள். அதே நாளில் கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் எழுதிக் கொடுத்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளைப் பற்றி ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை. மனையின் சொந்தக்காரர் பயந்தால் அதைச் சொல்லுங்கள், தகவல் கொடுப்பதால் நிலம் உடனே கையைவிட்டுப் போய்விடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதிகாரிகள் வரும்வரை குழியின் மேல் தார்ப்பாய் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்து, மழைநீர் உள்ளே இறங்காமல் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி விடுங்கள்.